கழுதை என்ன சொல்றான்?

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள். என் புருஷன் டெல்மர் ஒரு கொக்கி வாங்கக் கிளம்பியதும் அப்படித்தான் ஆயிற்று என்று ஊரில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தத் தச்சனை வெட்டவிடாமல் கோடாலியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

போன வருஷம் சோளம் முளை விடுகிற சமயத்தில் பக்கத்துப் பண்ணையில் ஏலம் விட்டார்கள். பழைய ஏணி ஒன்று கிடைத்தால் எடுத்து வருகிறேன் என்று போனவன், முப்பது அடி நீளத்துக்கு ஒரு ட்ரெய்லர் வீட்டை ஏலத்தில் எடுத்துக்கொண்டு வந்து நின்றான். உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை, ஒரு குடித்தனத்துக்கு வேண்டிய எல்லாம் இருந்தது. ஏணி மட்டும் இல்லை. அதை எங்கள் பிக்கப் வண்டியில் மாட்டி இழுத்துக்கொண்டு வயோமிங் மலைக்குப் போக வேண்டும், எங்கள் மகள் ஜோலீன் வீட்டு ஓடையோரம் நிறுத்த வேண்டும், கோடை முழுவதும் பேரப்பிள்ளைகளோடு அங்கேயே கிடக்க வேண்டும். இதுதான் அவன் திட்டம். ஜோலீன் வீட்டில் எங்களுக்குப் படுக்க இடம் கிடையாது, அதனால் திட்டம் நல்ல திட்டம்தான்.

அத்தனை கனமான ட்ரெய்லரைச் சாதாரணக் கொக்கியில் மாட்டினால் பிக்கப்பின் பின்பக்கம் உட்கார்ந்துகொள்ளும், முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். முன்சக்கரம் ரோட்டைப் பிடிக்காது. ஒரு காற்றடித்தால் பின்னால் வருவது வாலை ஆட்டும், கடைசியில் வால் நாயை ஆட்டும். நெப்ராஸ்காவில் காற்றடிக்காத நாள் என்று ஒன்று உண்டா? அதனால் பாரத்தைப் பகிர்ந்து கொடுக்கிற கொக்கி வாங்க வேண்டும். அதில் இரண்டு பக்கமும் இரண்டு இரும்புத் தண்டுகள் வில்லாக விறைத்து நின்று, பின்னால் விழுகிற பாரத்தில் ஒரு பங்கைத் தூக்கி முன்சக்கரத்துக்குத் தள்ளும். கனத்த தண்டு, மெல்லிய தண்டு, சங்கிலியில் தொங்குவது, தாங்கியில் உட்காருவது, ஆட்டத்தை அடக்குவது, அடக்காதது என்று அதில் எத்தனையோ ரகம்.

என் கவலை ட்ரெய்லரின் வால் இல்லை. டெல்மரின் வலது கை.

டெல்மர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டியவன். இன்று ஊரில் மீசை வைத்துக்கொண்டு திரிகிற முக்கால்வாசிப் பேர் அவன் பஸ்ஸில் மூக்கு ஒழுக ஏறி இறங்கியவர்கள்தான். முன்னால் இருப்பது ரோடா வயலா என்று தெரியாத பனியில்கூட ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழாமல் கொண்டுபோய் விட்டவன். அந்தக் கை இப்போது காபிக் கோப்பையைத் தூக்கினால் தட்டில் காபி சிந்துகிறது. டாக்டர் பார்த்துவிட்டுப் பார்க்கின்சன் என்று பெயர் சொன்னார். பெயர் சொல்வதோடு அவர் கடமை முடிந்தது.

"ஓட்டலாமா டாக்டர்?" என்று நான்தான் கேட்டேன்.

"இப்போதைக்கு ஊருக்குள்ள மெதுவா ஓட்டலாம். ட்ரெய்லர் இழுக்கிறதெல்லாம் நான் சொல்றதுக்கில்லைம்மா. நீங்க குடும்பத்துல பேசிக்குங்க."

குடும்பம் என்றால் யார்? ஒமாஹாவில் இருக்கும் என் மகன் கர்ட்டிஸைக் கூப்பிட்டேன். "அம்மா, நான் சொன்னா சண்டையாயிடும். நீ சொன்னாத்தான் கேப்பாரு" என்றான். லைசென்ஸ் ஆபீஸில் போய் நின்றோம். அங்கே சுவரில் இருந்த எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள். டெல்மர் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கணீரென்று படித்தான், புதுப்பித்துக் கொடுத்துவிட்டார்கள். பாதிரியாரிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறே டெல்மரின் பயணம் நல்லபடியாக அமைய வேண்டும் என்று எல்லாரும் சேர்ந்து ஜெபம் செய்தார்கள். நானும் "ஆமென்" சொல்ல வேண்டியதாயிற்று.

என் தம்பி கேலனைப் பிடித்துக் கேட்டேன். "ஏண்டா, அவன் கை உனக்குத் தெரியலையா? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அக்கா, மச்சான் கொக்கியைப் பத்திக் கேட்டாரு. நான் கொக்கியைப் பத்திச் சொன்னேன்."

"கையைப் பத்தி?"

"அவரு கேக்கலையே."

எங்கள் ஊர் ஆண்கள் இப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரன் பெண்டாட்டி ஓடிப்போனால், அவன் வீட்டுக்குப் போய் ரெண்டு மணி நேரம் புல்வெட்டும் மெஷினைப் பற்றிப் பேசிவிட்டு வருவார்கள். அதுதான் ஆறுதல். டெல்மருக்கும் அந்த ஆறுதலை வாரி வழங்கினார்கள். தானியக் கிடங்கில் காலைக் காபிக்குக் கூடுகிற கூட்டம் முழுவதும் கொக்கி நிபுணர்கள் ஆயிற்று. ஒவ்வொருவரும் இருப்பதிலேயே பலமானதாக, ஆட்டத்தை முழுசாக அடக்குவதாகப் பார்த்து வாங்கு என்றார்கள். ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று சொன்னவர்களுக்கும் தெரியும், கேட்டவனுக்கும் தெரியும். பக்கத்துப் பண்ணை லீலண்ட் ஒருநாள் உற்சாகத்தில், "நல்ல கொக்கி போட்டுட்டா ஸ்டியரிங்ல கையே வைக்க வேண்டாம் டெல்மர்!" என்று சொல்லிவிட்டு, 'கை' என்ற வார்த்தை வாயிலிருந்து விழுந்துவிட்டதை நினைத்து முகம் சிவந்து, உடனே சோள விலைக்குத் தாவினானாம். டெல்மரே வந்து சிரித்துக்கொண்டு சொன்னான். பாக்கெட்டிலிருந்து கையை எடுக்காமல்தான் சொன்னான்.

அவர்களைச் சொல்லி என்ன பயன்? நான் மட்டும் என்ன கிழித்தேன்? ஒருநாள் சர்ச்சிலிருந்து திரும்பும்போது, வாய்வரை வந்துவிட்டது.

"டெல்மர், அந்த ட்ரெய்லர் விஷயம்..."

"என்ன ட்ரெய்லர்?" அவன் குரலில் இருந்த பயத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"ஒண்ணுமில்ல. ஜன்னலுக்குத் திரை தைக்கணும்னு சொல்ல வந்தேன்."

அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து திரை தைத்தேன். மஞ்சள் பூப்போட்ட திரை. பூனைக்கு மணி கட்ட எல்லாரும் என்னைக் கைகாட்டினார்கள், நான் பூனைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன்.

கோடை ஆரம்பத்தில் கிராண்ட் ஐலண்டில் ஒரு ட்ரெய்லர் கடைக்குப் போனோம். விற்பனைப் பையன் ஓடிவந்து கையை நீட்டினான். டெல்மர் இடது கையை நீட்டிக் குலுக்கினான். பையன் ஒரு நொடி விழித்துவிட்டுப் பேச்சை அவிழ்த்தான்.

"சார், உங்க ட்ரெய்லர் எடை என்ன?"

"புத்தகத்துல போட்டிருக்கிற எடை தெரியும்."

"அது காலி எடை சார். நீங்க துணி, பாத்திரம், தண்ணின்னு ஏத்துவீங்கல்ல? முன்பாரம் எவ்வளவு விழுதுன்னு பாத்தீங்களா? கொக்கி மேல உக்கார்ற பாரம். அதை வச்சுத்தான் தண்டு எடுக்கணும்."

"பெருசா ஒண்ணு குடு. எதுக்கும் இருக்கட்டும்" என்றான் டெல்மர்.

"கூடாது சார். தேவைக்கு மேல கனமா போட்டா வண்டி எலும்பெல்லாம் ஆட்டிடும். மெலிசா போட்டா இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

டெல்மர் யோசித்துவிட்டு வருவதாகச் சொன்னான். எனக்கு அந்தப் பையனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. எனக்கு வழி காட்டியவன் அவன்தான். கையைப் பற்றிப் பேச முடியாது, சரி. முன்பாரத்தைப் பற்றிப் பேசலாமே! தண்டைப் பற்றிப் பேசலாமே! பேசிக்கொண்டே இருக்கலாமே! கொக்கி வராதவரை பயணம் இல்லை.

ட்ரெய்லர்காரர்கள் கூடிப் பேசுகிற ஒரு இடம் கம்ப்யூட்டரில் உண்டு. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, எல்லாம் பட்டப்பெயர்தான். டெல்மர் தனக்கு 'பஸ்காரன்' என்று வைத்துக்கொண்டான். அவனுக்கு டைப் அடிக்க வராது, ஒரு எழுத்தைத் தொட்டால் நாலு விழும். திரையில் எழுத்து எறும்பு மாதிரி ஊருகிறது என்று கண்ணின் மேல் பழியைப் போட்டான். ஆகவே சமையலறை மேஜையில் அவன் அந்தப் பக்கம், நான் கம்ப்யூட்டரோடு இந்தப் பக்கம். அவன் சொல்லுவான், நான் அடிப்பேன். பதில் வந்ததும் நான் படித்துக் காட்டுவேன்.

ஒரு கேள்வி போட்டால் ஊர்ப்பட்ட பதில் வந்தது. ஒருவன் உத்தமம் என்றதை இன்னொருவன் குப்பை என்றான். ஆனாலும் டெல்மர் எல்லாவற்றையும் கேட்டுக் கழித்துக் கூட்டி ஒரு மாதத்துக்குள் முடிவுக்கு வந்துவிட்டான்.

"போதும் லவோன். அந்தத் தாங்கியில உக்கார்ற ரகம்தான். நாளைக்குப் போய் வாங்கிடலாம்."

நான் ஜன்னலைப் பார்த்தேன். வாசலில் ட்ரெய்லர் மஞ்சள் திரையோடு தயாராக நின்றது.

"இரு, இன்னும் ஒரு பதில் இருக்கு" என்றேன்.

கம்ப்யூட்டர் திரையில் ஒன்றும் இல்லை.

"யாரு?"

அடுப்புக்கு மேலே தீவனக் கடைக்காரன் கொடுத்த காலண்டர் தொங்கியது. அந்த மாதத்துப் படம் ஒரு கோவேறு கழுதை. "கிழட்டுக் கழுதைன்னு ஒருத்தன்" என்றேன்.

"என்ன சொல்றான்?"

"'பஸ்காரா, முன்பாரம் அளக்காம தண்டு வாங்குறது, மாப்பிள்ளையைப் பாக்காம கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கிற மாதிரி. முதல்ல சாமானை ஏத்து. தண்ணித் தொட்டியை நிரப்பு. அப்புறம் அள.' அப்படின்னு எழுதியிருக்கான்."

டெல்மர் வாய்விட்டுச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து எவ்வளவோ நாள் ஆகியிருந்தது. "அட, விஷயம் தெரிஞ்ச கழுதையா இருக்கானே!"

அப்படிப் பிறந்தான் கழுதை. மறுநாள் முதல் அளவு ஆரம்பம். குளியலறையில் நாங்கள் எடை பார்க்கிற மெஷினைத் தூக்கிக்கொண்டு போய், குறுக்கே ஒரு கட்டை வைத்து, ட்ரெய்லரின் முன்மூக்கை அதில் இறக்கினோம். பாத்திரங்களை ஏற்றி ஒருமுறை, துணிமணியோடு ஒருமுறை, தண்ணீர் நிரப்பி ஒருமுறை. தண்ணீர்த் தொட்டி பின்னால் இருந்ததால் நிரப்பினால் முன்பாரம் குறைந்து பின்பாரம் ஏறியது. கழுதை அதற்கு ஒரு வாரம் வகுப்பு எடுத்தான். பின்பாரம்தான் வாலை ஆட்டும், ஆகவே சாமானை முன்னால் மாற்று என்றான். மாற்றினோம். இப்போது முன்பாரம் அதிகம் என்றான். நான் ஒன்றும் கண்டதைச் சொல்லவில்லை. டெல்மர் தூங்கும் மத்தியான நேரத்தில் உட்கார்ந்து நிஜமாகவே படித்துவிட்டுத்தான் சொன்னேன். பொய் ஆளாக இருந்தாலும் மெய்யான விவரம் வேண்டுமில்லையா?

அந்தக் கோடை போயிற்று. சோளம் அறுத்தார்கள். பனி விழுந்தது. ஜோலீன் கேட்டபோதெல்லாம் "கொக்கி இன்னும் தீரலைம்மா" என்று டெல்மர் சொன்னான். காலையில் எழுந்ததும் அவன் கேட்கிற முதல் கேள்வி, "கழுதை என்ன சொல்றான்?" என்பதாயிற்று.

"எந்த ஊர்க்காரன்?" என்று ஒருநாள் கேட்டான்.

"மொண்டானா."

"பெண்டாட்டி இருக்காளா?"

"இருக்காளாம்."

"அவ என்ன சொல்றாளாம், இந்தக் கொக்கிப் பைத்தியத்துக்கு?"

"அவ ஒண்ணுமே சொல்ல மாட்டாளாம்."

"குடுத்து வச்சவன்" என்றான் டெல்மர். நான் சிரித்துக்கொண்டே எழுந்து போய் அடுப்பில் இருந்த கொலாச்சி ரொட்டியைக் கருகவிட்டேன்.

எனக்கு உள்ளூர ஒரு அசட்டு நம்பிக்கை இருந்தது. இப்படியே நாளைக் கடத்தினால் அவனுக்கே அலுத்துப்போகும், தானாகவே விட்டுவிடுவான் என்று. அலுக்கவில்லை. கைதான் மோசமாகிக்கொண்டே போனது. சட்டைப் பித்தானை நான் போட்டுவிட ஆரம்பித்தேன். அதைப் பற்றியும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பித்தானைப் போடும்போது கழுதையைப் பற்றிப் பேசினோம்.

இந்த வருஷம் ஜூன் மாதத்தில் என் தம்பி கேலன் என் ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டான். ஒரு சனிக்கிழமை காலை, வண்டியில் பெரிய அட்டைப் பெட்டியைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினான்.

"மச்சான், உன் பிறந்தநாளுக்கு. நீயும் அந்தக் கழுதையும் பேசிப் பேசியே செத்துப்போவீங்க. முன்பாரம் எல்லாம் கேட்டு, சரியான தண்டா எடுத்துட்டு வந்திருக்கேன். இன்னிக்கே மாட்டுறோம்!"

டெல்மரின் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆயிற்று. நான் கேலனைப் பார்த்த பார்வையில் அவன் எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை, காபி கேட்டான்.

விஷயம் தெரிந்து லீலண்ட் வந்தான். காபிக் கூட்டத்தில் இன்னும் நாலைந்து பேர் மடக்கு நாற்காலியைக் கையில் எடுத்துக்கொண்டே வந்தார்கள். எங்கள் ஊரில் ஒருவன் வீட்டு வாசலில் ட்ரெய்லர் மாட்டுகிறான் என்றால் அது திருவிழா. கேலன் கீழே படுத்து முடுக்கினான். மாட்டுவதற்குமுன் முன்சக்கரத்துக்கு மேல் வளைவு எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்து சாக்கட்டியால் கோடு போட்டார்கள். ட்ரெய்லரைக் கொக்கிமேல் இறக்கியதும் பிக்கப்பின் முன்பக்கம் தூக்கிக்கொண்டது. பிறகு தண்டு இரண்டையும் தூக்கித் தாங்கியில் உட்கார வைத்ததும் மெல்ல இறங்கி வந்து, பழைய கோட்டிலேயே நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் ஒரு நொடி சந்தோஷம் வந்தது. ஒரு வருஷம் படித்தவளாயிற்றே!

கடைசியாக, தண்டு கழன்றுவிடாமல் இரண்டு பக்கமும் ஒரு கடையாணி போட வேண்டும். விரல் நீள ஆணி, அவ்வளவுதான். ஒரு பக்கம் கேலன் போட்டுவிட்டான். அடுத்ததை எடுத்து டெல்மரிடம் நீட்டினான். "உன் வண்டி மச்சான், நீ போடு." மரியாதைக்காகத்தான் கொடுத்தான், கெட்ட எண்ணம் இல்லை.

டெல்மர் குனிந்தான். ஆணியை ஓட்டைக்கு நேராகக் கொண்டுபோனான். அது இரும்பில் பட்டு டக் டக் டக் என்றது. ஓட்டைக்கு மேலே, பக்கத்தில், கீழே, எங்கே வேண்டுமானாலும் போயிற்று, ஓட்டைக்குள் மட்டும் போகவில்லை. அந்த டக் டக் சமையலறை ஜன்னல்வரை எனக்குக் கேட்டது.

கேலன் அண்ணாந்து வானத்தைப் பார்த்தான். லீலண்டும் பார்த்தான். பிறகு நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை.

"மழை வந்தா நல்லாயிருக்கும்" என்றான் லீலண்ட்.

"மேற்கால இருந்து வரணும்" என்றான் கேலன்.

"வந்தா சோளத்துக்கு நல்லது."

டக் டக் டக். அவர்கள் மழையை விடாமல் பெய்ய வைத்துக்கொண்டிருந்தார்கள். யாராவது ஒருவன் குனிந்து அந்த ஆணியை வாங்கிப் போட்டிருக்கக் கூடாதா? போட்டால் அவன் கையைப் பார்த்தேன் என்று சொன்னதாகிவிடும். நான் ஓடியிருக்கக் கூடாதா? ஓடினால் அத்தனை பேர் முன்னால் அவனை அவிழ்த்து நிறுத்தியதாகிவிடும். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், பாத்திரம் துடைக்கிற துணியை முறுக்கிக்கொண்டு அங்கேயே நின்றேன். கடைசியில் இடது கையால் வலது கையை அழுத்திப் பிடித்து எப்படியோ போட்டுவிட்டான். நிமிர்ந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"அருமையா உக்காந்திருக்கு!" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டு நாற்காலியை மடக்கினார்கள். திங்கட்கிழமை புறப்படுவதாக முடிவாயிற்று.

சாயங்காலம் சாப்பிட்டு முடித்தபிறகும் வெயில் சோளக் காட்டில் நின்றுகொண்டிருந்தது. டெல்மர் மேஜையில் தன் இடத்தில் உட்கார்ந்தான். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தான், அப்போதுதான் அது சும்மா இருக்கும்.

"கழுதைக்கு ஒண்ணு எழுதணும். கம்ப்யூட்டரைத் தொற."

திறந்தேன்.

"'கழுதை, கொக்கி மாட்டியாச்சு. நீ சொன்ன எதையும் விடலை. முன்பாரம் சரி. வண்டி கோட்டுல நிக்குது.' அடிச்சியா?"

"அடிச்சேன்."

"'இப்ப கேக்கப்போறது கொக்கி சமாச்சாரம் இல்ல. எனக்கு வலது கை நடுங்குது. இங்க எல்லாரும் பாத்துட்டாங்க. ஒருத்தனும் வாயைத் தொறக்க மாட்டேங்கறான். இன்னிக்கு ஒரு ஆணி போட நான் பட்ட பாட்டுக்கு, என் மச்சான் மழையைக் கூப்பிட்டுக்கிட்டு நின்னான்.'"

என் விரல் நின்றுவிட்டது.

"அடி லவோன்."

அடித்தேன்.

"'ஊர்ப் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போனவன் நான். இப்படிக் கை ஆடுற ஒரு டிரைவரை நானே பஸ்ஸுல உக்கார விடமாட்டேன். ஆனா நானா எறங்க முடியலை. யாராவது எறங்குடான்னு சொல்லணும். என் பெண்டாட்டி சொல்ல மாட்டா. என் மனசு நோகும்னு பயப்படுறா. நீ என்னைப் பாத்ததில்லை, உனக்கு ஒண்ணும் போறதில்லை. அதனால நீ சொல்லு. நான் இழுக்கலாமா, கூடாதா?'"

திரை மங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்தால் அவனுக்குத் தெரிந்துவிடும், துடைக்கவில்லை.

"அனுப்பு."

"அனுப்பிட்டேன்." அனுப்ப யார் இருக்கிறார்கள்? அவன் வார்த்தைகள் என் முன்னால் அப்படியே நின்றுகொண்டிருந்தன.

ஃபிரிட்ஜ் உறுமி அடங்கியது. அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எப்பவும் உடனே பதில் போடுவானே கழுதை" என்றான்.

இழுக்கலாம் என்று சொன்னால் அவன் இன்றைக்குச் சிரிப்பான். திங்கட்கிழமை வயோமிங் மேட்டில் காற்றடிக்கும். கூடாது என்று சொன்னால் இன்றைக்கே அவனை பஸ்ஸிலிருந்து இறக்கி நடுரோட்டில் விட்டுவிட்டுப் போகிறேன் என்று அர்த்தம். டாக்டர் தள்ளிவிட்டு, மகன் தள்ளிவிட்டு, தம்பி தள்ளிவிட்டு, கடைசியில் என் மடியில் வந்து விழுந்தது இது. என் வாயால் என்னால் முடியாது. கழுதைக்கு என்னைவிடத் தைரியம் அதிகம், எப்போதுமே அப்படித்தான்.

"வந்துடுச்சு" என்றேன்.

"படி."

"'வேண்டாம் டெல்மர்'" என்று படித்தேன். "'எறங்கிடு.'"

சொன்னபிறகுதான் உறைத்தது. கழுதை அவனை ஒருநாளும் டெல்மர் என்று கூப்பிட்டதில்லை. கழுதைக்கு அந்தப் பெயரே தெரியாது. அவனுக்குத் தெரிந்தது பஸ்காரன்தான்.

டெல்மர் திரும்பவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் நின்ற ட்ரெய்லரின் மஞ்சள் திரையில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது.

"வேற என்ன சொல்றான்?"

"வேற ஒண்ணும் எழுதலை."

"சரி" என்றான். "பதில் போட்டுடு. 'நன்றி'ன்னு. 'இத்தனை நாள் இழுத்தடிச்சதுக்கும் சேர்த்து நன்றி'ன்னு போடு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவன் பார்க்கவில்லை. எத்தனை நாளாகத் தெரியும்? மாப்பிள்ளையும் மண்டபமும் சொன்ன அன்றிலிருந்தே தெரியுமா? கேட்கவில்லை. அவன் சொன்னபடியே, ஒரு எழுத்து விடாமல் அடித்தேன். அவன் எழுந்து என் தோளை இடது கையால் ஒருமுறை அழுத்திவிட்டுப் படுக்கப் போனான்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. ட்ரெய்லரை நிறுத்திவிட்டேன். கையை நிறுத்த எந்தக் கழுதையாலும் ஆகாது. ஜெயித்த மாதிரியே இல்லை, யாரையோ கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் எழுந்தபோது படுக்கையில் அவன் இல்லை. கழுதை என்ன சொல்றான் என்று கேட்க ஆள் இல்லாத சமையலறை வெறிச்சென்று இருந்தது. வாசல் பக்கமிருந்து டக் டக் என்ற சத்தம் வந்தது.

வெளியே போனேன். ஜாக்கியைப் போட்டு ட்ரெய்லரின் மூக்கைத் தூக்கி வைத்துவிட்டு, டெல்மர் மண்டியிட்டுக் கடையாணியைக் கழற்றிக்கொண்டிருந்தான். கேலன் போட்ட பக்கத்தைக் கழற்றியாயிற்று. தான் போட்டதுதான் வரவில்லை. விரல் ஆணியின் தலையைப் பிடிப்பதும் நழுவுவதுமாக இருந்தது.

அவன் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு வருஷமாக எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தவள் நான். இதோ யாரும் இல்லை, நாற்காலி இல்லை, கூட்டம் இல்லை, குனிந்து பிடிக்க வேண்டியதுதான். என் கை வரவில்லை. தலைதான் தானாக அண்ணாந்தது. மேகமே இல்லாத நீல வானம்.

"மழை வரும்போல இருக்கு டெல்மர்" என்றேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். வலது கையை என் முன்னால் நீட்டினான். மறைக்கவில்லை. காற்றில் அது தன் போக்கில் ஆடிக்கொண்டிருந்தது.

"வராது லவோன்" என்றான். "வந்து இதைப் பிடி."

மண்டியிட்டு அவன் கையைப் பிடித்தேன். நிற்கும் என்றுதான் பிடித்தேன். நிற்கவில்லை, என் கையும் அதோடு சேர்ந்து ஆடியது. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தும் ஆணி வெளியே வர நேரமாயிற்று.